ஃபயர்வால் பெட்டியை அணைக்கும் முன்: ரீபூட், ரீசெட், ஃபர்ம்வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பீன்யா, ராஜாஜிநகர், அல்சூர், ஓசூர் ரோடு பக்கம் இருபது சின்ன அலுவலகங்களின் நெட்வொர்க்கை நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம். பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் நடத்தும் இடங்கள்: லேத் பட்டறை, ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ். ஃபயர்வால் என்பது ஆபீஸுக்குள் வரும், வெளியே போகும் நெட் டிராஃபிக்கைக் காவல் காக்கும் பெட்டி. ஃபோர்ட்டிகேட், சோஃபோஸ், சிஸ்கோ ஏஎஸ்ஏ என்று ஆளுக்கொரு கம்பெனியின் பெட்டி, ஆனால் போனில் வரும் கேள்விகள் மட்டும் எல்லா இடத்திலிருந்தும் ஒன்றுதான். அதனால்தான் எழுதிவைக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்; டைப் செய்வது வழக்கம்போல ஆங்கிலத்தில்.

நெட் வரவில்லை. பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா அண்ணா?

பண்ணலாம், இரண்டு நிமிடம் பொறுங்கள். முதலில் ஃபைபர் கம்பெனி வைத்துவிட்டுப் போன சின்னப் பெட்டியைப் பாருங்கள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபயர்வாலை நூறு முறை அணைத்தாலும் நெட் வராது. தெருவில் எங்கேயோ குழி தோண்டி ஒயரை அறுத்திருக்கிறார்கள்.

அங்கே பச்சைதான் என்றால், ஃபயர்வாலின் முகப்புப் பக்கம் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் சிபியு எவ்வளவு, மெமரி எவ்வளவு, எத்தனை செஷன் (திறந்திருக்கும் இணைப்பு) என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்புறம் ரீபூட் செய்யுங்கள். போட்டோ ஏன் என்றால், ரீபூட் ஆனதும் அந்த எண்கள் எல்லாம் அழிந்துவிடும். பெட்டி நல்ல பிள்ளையாக எழுந்து உட்கார்ந்திருக்கும். ஏன் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது, அடுத்த வாரம் மறுபடி நிற்கும்.

ரீபூட், ரீசெட், ஃபர்ம்வேர் மறுபடி போடுவது எல்லாம் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. கடையை வைத்துச் சொல்கிறேன். ரீபூட் என்பது ஷட்டரை இறக்கி மறுபடி தூக்குவது. சரக்கு வைத்த இடத்தில் இருக்கும். ஃபேக்டரி ரீசெட் என்பது சரக்கு, அலமாரி, கணக்கு நோட்டு எல்லாவற்றையும் தெருவில் வாரிப் போட்டுவிட்டு, வாடகைக்குச் சாவி வாங்கிய அன்று இருந்த வெறும் அறைக்குப் போவது. ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை இயக்கும் உள் மென்பொருளை, அடியிலிருந்து மறுபடி போடுவது சுவரையே இடித்துக் கட்டுவது. போனில் "ரீசெட் பண்ணிட்டேன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ரீபூட்டைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பேர் உண்மையாகவே ரீசெட் செய்திருக்கிறார்கள். அதனால் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்குகிறது.

பிளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகிவிடும்? டிவியை அப்படித்தானே செய்கிறோம்?

ஃபயர்வால் உள்ளே ஒரு முழுக் கணினி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரெண்ட் போனால் கோப்புகள் கெட வாய்ப்பு உண்டு. ஃபோர்ட்டிகேட் போன்றவை அடுத்த முறை லாகின் செய்யும்போதே "ஒழுங்காக அணைக்கவில்லை, கோப்பு முறையைச் சரிபார்க்கட்டுமா" என்று கேட்டுவிடும். கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அதற்காக ஒரு ரீபூட் ஆகும், ஆகட்டும்.

முறையான வழி, ஸ்கிரீனில் உள்ள ரீபூட் பட்டன். அது திறக்காவிட்டால் கட்டளை: ஃபோர்ட்டிகேட்டில் எக்ஸிக்யூட் ரீபூட், சிஸ்கோ ஏஎஸ்ஏவில் ரீலோட், பாலோ ஆல்ட்டோவில் ரிக்வெஸ்ட் ரீஸ்டார்ட் சிஸ்டம், ஜூனிப்பரில் ரிக்வெஸ்ட் சிஸ்டம் ரீபூட். பிஎஃப்சென்ஸ் கன்சோலில் (பெட்டியோடு நேராக இணைத்துப் பார்க்கும் திரை) வரும் பட்டியலில் 5ஐ அழுத்தினால் ரீபூட், 6 என்றால் நிறுத்தம். அதே பட்டியலில் 4 ஃபேக்டரி ரீசெட். விரல் ஒரு எண் தவறினால் கதை வேறு, அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு அழுத்துங்கள்.

பெஸ்காம் கரெண்டை நிறுத்தப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால், யுபிஎஸ் தீரும்வரை காத்திருக்காமல் நீங்களே முறையாக ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

ரீபூட் ஆனதும் நேற்று போட்ட ரூலைக் காணோம். ஏன்?

ரூல் என்பது எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பெட்டிக்குச் சொல்லும் விதி. அதைச் சேமிக்காமல் விட்டிருப்பீர்கள். இதில் கம்பெனிக்குக் கம்பெனி பழக்கம் வேறு. ஃபோர்ட்டிகேட்டில் ஓகே கொடுத்த நொடியே எழுதிக்கொள்ளும். பாலோ ஆல்ட்டோவிலும் ஜூனிப்பரிலும் கமிட் கொடுக்கும்வரை உங்கள் மாற்றம் வெறும் வரைவு. பழைய சிஸ்கோ ஏஎஸ்ஏ இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மாற்றம் உடனே வேலை செய்யும், ஆறு மாதம் நன்றாக ஓடும், ஆனால் ரைட் மெமரி கொடுக்காததால் அடுத்த ரீபூட்டில் ஆவியாகிவிடும். ஆறு மாதத்துக்கு முன் என்ன போட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஏஎஸ்ஏ வைத்திருப்பவர்கள் ரீபூட்டுக்கு முன் ரைட் மெமரி கொடுப்பதைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதுபோலப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

சின்னப் பெட்டிக்குப் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள். பெரிய பெட்டிகளில் பத்து நிமிடத்தைத் தாண்டுவதும் சகஜம். நான்காவது நிமிடத்தில் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஃபர்ம்வேர் மாற்றும்போது பிடுங்கினால் பெட்டியே எழுந்திருக்காமல் போகலாம்.

தினமும் ராத்திரி தானாக ரீபூட் ஆகும்படி வைத்துவிடலாமா?

வைக்க வசதி இருக்கிறது, ஃபோர்ட்டிகேட்டில் டெய்லி ரீஸ்டார்ட் என்றே ஒரு அமைப்பு உண்டு. எனக்குப் பிடிக்காது. காய்ச்சலுக்குத் தினமும் மாத்திரை போட்டுவிட்டு எதனால் காய்ச்சல் என்று பார்க்காமல் இருப்பது மாதிரி.

தினமும் நிற்கும் பெட்டிக்கு ஒரு காரணம் இருக்கும், அது பெரும்பாலும் மெமரி. ஃபோர்ட்டிகேட்டில் மெமரி 88 சதவீதத்தைத் தொட்டால் மெமரியை மிச்சம் பிடிக்கும் கன்சர்வ் மோடுக்குப் போய்விடும், 82க்குக் கீழே இறங்கினால்தான் வெளியே வரும். இடையில் நெட் இருந்தும் இல்லாத மாதிரி இழுக்கும். ஸ்கேன் வேலைகளைக் குறைக்க வேண்டுமா, ஆட்களுக்குத் தகுந்த பெட்டி இல்லையா, அந்த ஃபர்ம்வேரில் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். தேடி முடிக்கும்வரை ஒரு வாரத்துக்கு ராத்திரி ரீபூட் வைத்துக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எங்கள் பெட்டி ஒரு வருடமாக ரீபூட்டே ஆகவில்லை. நல்லதுதானே?

பெருமைப்படும் விஷயம் இல்லை. ஒரு வருடமாக ஃபர்ம்வேரும் மாற்றவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

இரண்டு பழைய கதை சொல்கிறேன், இரண்டும் 2017. சிஸ்கோ ஏஎஸ்ஏவின் சில பதிப்புகளில் பெட்டி 213 நாள் தொடர்ந்து ஓடினால் டிராஃபிக்கை நிறுத்திவிடும் என்ற பிழை வெளியே வந்தது. அதற்கு மருந்து, 213 நாள் ஆவதற்குள் ஒரு ரீபூட், பிறகு திருத்திய பதிப்பு. அதே வருடம் இன்டெல் ஆட்டம் சி2000 சிப்பில் கடிகாரச் சிக்னல் கோளாறு வெளியானது. பல கம்பெனிகளின் நெட்வொர்க் பெட்டிகளில் அந்தச் சிப் இருந்தது, சின்ன ஏஎஸ்ஏக்களிலும் இருந்தது. சுமார் 18 மாதம் ஓடியபிறகு அது செத்துப்போகலாம், செத்தால் பெட்டி மறுபடி பூட் ஆகாது.

ஒன்றில் ரீபூட்தான் மருந்து, இன்னொன்றில் அணைத்த பெட்டி திரும்பி வரும் என்று நம்ப முடியாது. அதனால் வருடக்கணக்கில் ஓடும் பெட்டியை நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அணைப்பதில்லை. சனிக்கிழமை காலையில், பேக்கப்பும் ஒரு மாற்றுப் பெட்டியும் கையில் இருக்கும்போதுதான் தொடுவேன்.

பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அது எதற்கு?

தொடாதீர்கள். அதுதான் ரீசெட் பட்டன். ஆனால் தொட்ட கதையைச் சொல்லியாக வேண்டும்.

பீன்யாவில் ஒரு பட்டறை. ஆயுத பூஜை அன்று மெயினை அணைத்து, மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டார்கள். ஃபயர்வாலும் ஆயுதம்தானே, அதற்கும் பொட்டு. பிறகு மெயினைப் போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். ஊதுபத்தி வைக்க மட்டும் இடமில்லை. ஒரு பையன் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான். பின்னால் சரியான அளவில் ஓர் ஓட்டை, "அதுக்குன்னே வெச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்று பிற்பாடு சொன்னான். குச்சி நிற்க வேண்டுமே என்று அழுத்திச் செருகியிருக்கிறான்.

விஜயதசமி முடிந்து வேலை தொடங்கிய அன்று காலை போன். லைட் எல்லாம் எரிகிறது, நெட் மட்டும் இல்லை. போய்ப் பார்த்தால் பெட்டியின் மேல் சாம்பல் கோடு, பின்னால் கருகிய குச்சி. பெட்டி பிறந்த நாளுக்குத் திரும்பியிருந்தது. எங்களிடம் இருந்த பேக்கப் ஏழு மாதப் பழசு. நடுவில் சேர்த்த இரண்டு விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) ஆட்களையும் கேமரா ரூல்களையும் நினைவிலிருந்து போட்டு முடிக்க இருட்டிவிட்டது. அந்தத் தப்பு பையனுடையது இல்லை, எங்களுடையது. இப்போது மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்கிறோம்.

பல மாடல்களில் கரெண்ட் கொடுத்த முதல் சில நொடிகளில் அழுத்தினால்தான் அந்தப் பட்டன் வேலை செய்யும். மெயினைப் போட்ட கையோடு பூஜை நடந்ததால் எங்களுக்கு அதுவும் அமைந்துவிட்டது. ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ் சின்ன மாடல்களில் லேசாகத் தட்டினால் நீங்கள் முன்பே சேமித்த ரெஸ்க்யூ அமைப்பு வரும், 15 நொடி பிடித்தால் எல்லாம் போய்விடும்.

ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால் முன்னால் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

கான்ஃபிக், அதாவது பெட்டியின் அமைப்பு, அதன் பேக்கப், பெட்டிக்கு வெளியே. பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு வைத்தால் அந்தப் பாஸ்வேர்டு. சோஃபோஸ் என்றால் செக்யூர் ஸ்டோரேஜ் மாஸ்டர் கீயும். அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் கஷ்டம்.

எல்லோரும் மறப்பது இன்டர்நெட் கம்பெனி கொடுத்த தாள். ஸ்டாட்டிக் ஐபி, கேட்வே, விலேன் எண், பிபிபிஓஇ யூசர் பாஸ்வேர்டு. இவை பழைய அமைப்புக்குள் மட்டும் இருந்தால் ரீசெட்டுக்குப் பிறகு பெட்டியால் வெளியே போகவே முடியாது. லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அது சீரியல் எண்ணோடு கம்பெனியில் பதிவாகியிருக்கும். ஆனால் அதைத் திரும்ப வாங்கிவரவும் பெட்டிக்கு நெட் வேண்டும் அல்லவா?

ரீசெட் ஆனதும் பெட்டி பிறந்த முகவரிக்குப் போய்விடும். ஃபோர்ட்டிகேட் 192.168.1.99, சோஃபோஸ் 172.16.16.16 போர்ட் 4444, சோனிக்வால் 192.168.168.168, பிஎஃப்சென்ஸ் 192.168.1.1. லேப்டாப்பில் அதே வரிசையில் ஒரு ஐபி போட்டு, கேபிளை நேராகச் செருகித்தான் பிடிக்க முடியும். "பழைய ஐபியில் வரவில்லை, பெட்டி செத்துவிட்டது" என்று அழும் போன்களில் பாதி இதுதான்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது. முன்பு இருந்த பையனும் வேலையை விட்டுப் போய்விட்டான்.

முதலில் அந்தப் பையனுக்குப் போன் போடுங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பல முறை அதிலேயே முடிந்திருக்கிறது.

இல்லையென்றால் பெட்டி பக்கத்தில் போய் கன்சோல் கேபிள் போட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் யுஎஸ்பி கன்சோல் கேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும். வேகம் ஃபோர்ட்டிகேட்டுக்கு 9600, சோஃபோஸுக்கு 38400. தப்பாக வைத்தால் திரையில் குப்பை எழுத்து வரும். சோஃபோஸில் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ரீசெட் என்று பெரிய எழுத்தில் அடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றும் வழியும் இருக்கிறது, அமைப்பை அழிக்கும் வழியும் இருக்கிறது. படித்துவிட்டு எண்ணை அழுத்துங்கள். பிஎஃப்சென்ஸில் 3. ஃபோர்ட்டிகேட்டில் முன்பு மெயின்டெய்னர் என்று ஒரு பின்வாசல் கணக்கு இருந்தது, 7.2.4 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய பதிப்பில் பாஸ்வேர்டு போனால் பெட்டியை அழித்துவிட்டுப் பேக்கப்பைப் போட வேண்டியதுதான்.

ஃபர்ம்வேர் அப்டேட் கேட்கிறது. கொடுக்கலாமா? கெட்டுப்போனால்?

பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் என்றால் அந்த வாரமே. புது வசதிக்கான பெரிய பதிப்பு என்றால் அவசரமே இல்லை, மற்றவர்கள் முதலில் அடிபடட்டும்.

நல்ல செய்தி, பெரும்பாலான பெட்டிகளில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள் உண்டு. புதியது ஒன்றில் ஏறும், பழையது அதன் அமைப்போடு மற்றொன்றில் அப்படியே இருக்கும். ஃபோர்ட்டிகேட்டில் டயக்னோஸ் சிஸ் ஃப்ளாஷ் லிஸ்ட் என்றால் இரண்டையும் காட்டும், எக்ஸிக்யூட் செட் நெக்ஸ்ட் ரீபூட் கொடுத்துப் பழைய அறையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். ஒன்றை மறக்காதீர்கள்: திரும்பினால் அமைப்பும் அப்டேட் செய்த நாளுக்குத் திரும்பும். பத்து நாள் கழித்துத் திரும்பினால் அந்தப் பத்து நாள் மாற்றங்கள் இல்லை.

பழைய பதிப்பிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவாதீர்கள். நடுவில் எந்தெந்தப் படிகள் என்று கம்பெனியே சொல்லும், படிப்படியாக ஏறுங்கள். இறங்குவது இன்னும் மோசம், பல சமயம் அமைப்பு பாழாகும்.

வீட்டிலிருந்து ரூல் மாற்றினேன், நானே வெளியே மாட்டிக்கொண்டேன்.

எல்லோரும் ஒருமுறை மாட்டியிருக்கிறோம். சிஸ்கோவில் தொடங்கும் முன் ரீலோட் இன் 10 கொடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் தானே ரீபூட் ஆகிப் பழைய அமைப்போடு வரும். வேலை நன்றாக முடிந்தால் ரீலோட் கேன்சல். இங்கே ரைட் மெமரியைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்டு இதே வேலையை ரீபூட் இல்லாமல் செய்யும். இரண்டும் இல்லாத பெட்டி என்றால், சாவி வைத்திருக்கும் வாட்ச்மேனின் நம்பர் கையில் இருக்க வேண்டும். எங்கள் வாட்ச்மேன் ஒருவர் "கரெண்ட் ஹோய்த்து சார்" (கரெண்ட் போய்விட்டது) என்று கன்னடத்தில் ராத்திரி இரண்டு மணிக்குத் தானே போன் போட்டுச் சொல்வார். எந்த மானிட்டரிங் மென்பொருளும் அவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

ஃபயர்வாலையே ஹேக் செய்துவிட்டதாகச் சந்தேகம். ரீபூட் பண்ணினால் போய்விடுமா?

இந்த ஒரு இடத்தில் மட்டும் கையை எடுங்கள். எதையும் அணைக்காமல், நெட் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள்.

சில தீய நிரல்கள் மெமரியில் மட்டும் இருக்கும். அணைத்தால் அதுவும் போகும், தடயமும் போகும், நுழைந்த வழி மட்டும் திறந்தே இருக்கும். சில ரீபூட்டுக்கு அசையாது. 2024இல் நெதர்லாந்து உளவுத்துறை அம்பலப்படுத்திய கோட்ஹேங்கர் என்ற நிரல், ஃபோர்ட்டிகேட்டில் ரீபூட்டையும் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் தாண்டி உட்கார்ந்திருந்தது. 2025 ஏப்ரலில் இன்னொன்று: பழைய ஓட்டை வழியாக வந்தவர்கள் எஸ்எஸ்எல் விபிஎன் மொழிக் கோப்புறையில் வேறு இடத்துக் கோப்புகளுக்கு வழிகாட்டும் ஒரு குறுக்கிணைப்பை (சிம்லிங்க்) விட்டுப் போயிருந்தார்கள். ஓட்டையை அடைத்த பிறகும் அதன் வழியாகக் கோப்புகளைப் படிக்க முடிந்தது.

2020இல் சோஃபோஸ் பெட்டிகளைத் தாக்கியவர்கள் செய்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனம். தாங்கள் வைத்த ஒரு கோப்பை யாராவது அழித்துவிட்டுப் பெட்டியை ரீபூட் செய்தால் உள்ளே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கிளம்பும்படி பொறி வைத்திருந்தார்கள். சோஃபோஸ் அனுப்பிய ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) ரீபூட் இல்லாமலே ஏறியதால் பல இடங்களில் அந்தப் பொறி வெடிக்கவில்லை. 2023இல் பாரகுடா மெயில் பெட்டிகள் விஷயத்தில் அந்தக் கம்பெனியே, அப்டேட் போட்டிருந்தாலும் சரி, பாதிக்கப்பட்ட பெட்டியைத் தூக்கிப்போட்டு வேறு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டது.

அதனால் வரிசை இது. லாக்கையும் (பெட்டியில் நடந்தவற்றின் பதிவு) அமைப்பையும் நகல் எடுப்பது, ஃபர்ம்வேரைச் சுத்தமாக அடியிலிருந்து போடுவது, தாக்குதலுக்கு முந்தைய பேக்கப்பை வரி வரியாகப் பார்த்து ஏற்றுவது, அப்புறம் எல்லாப் பாஸ்வேர்டையும் விபிஎன் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றுவது. கடைசியை விட்டுவிட்டால் முன் மூன்றும் வீண்.

லாக் எத்தனை நாள் வைக்க வேண்டும்? ரீபூட் செய்தால் போய்விடும் என்கிறார்களே?

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி 180 நாள், இந்தியாவுக்குள்ளேயே. சம்பவம் தெரிந்து ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

டிஸ்க் இல்லாத சின்ன மாடல்களில் லாக் மெமரியில்தான், ரீபூட்டோடு காலி. ஃபோர்ட்டிகேட் 60எஃப் பெட்டியில் டிஸ்க் கிடையாது, 61எஃப் பெட்டியில் உண்டு. வாங்கும்போது அந்த ஒரு எண் வித்தியாசத்தில் காசை மிச்சம் பிடித்துவிட்டு இப்போது அவஸ்தை. ஒரு பழைய கணினியில் சிஸ்லாக் சர்வர் போட்டு லாக்கை அங்கே அனுப்பினால் போதும்.

நீண்ட கரெண்ட் கட்டுக்குப் பிறகு விபிஎன் வரவில்லை, சான்றிதழ் தப்பு என்கிறது.

பெட்டியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி போயிருந்தால் பல வருடம் பின்னால் காட்டும். ஒவ்வொரு முறையும் கையால் திருத்தாமல், நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும் என்டிபி வையுங்கள். அதே செர்ட்-இன் உத்தரவு அரசின் என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு இணைக்கச் சொல்கிறது.

பழைய பெட்டியை எஸ்.பி. ரோட்டில் விற்கலாமா?

விற்கலாம், துடைத்துவிட்டு. 2023இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சோதித்த 16 ரூட்டர்களில் 9இல் முந்தைய முதலாளியின் அமைப்பு முழுசாக இருந்தது. விபிஎன் சாவி, பயனர் பெயர், எல்லாம்.

சாதாரண ரீசெட் அமைப்பை அழிக்கும், லாக் டிஸ்க்கைத் தொடாமல் விடலாம். ஃபோர்ட்டிகேட்டில் எக்ஸிக்யூட் இரேஸ் டிஸ்க் தனியாகக் கொடுங்கள், ஜூனிப்பரில் ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஜீரோயிஸ். பிறகு கம்பெனி இணையதளத்தில் உங்கள் பெயரிலிருந்து சீரியல் எண்ணை விடுவியுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் பதிவு செய்ய முடியாமல் உங்களுக்குத்தான் போன் போடுவார். அடிப்பக்கம் யாரோ பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும், அதையும் கிழித்துவிடுங்கள்.